மந்திரப் பொருளுக்கு ஒரு நிபந்தனை வேணும்

கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் இருக்கறவங்க பொறுமையா படிங்க, முக்கியமா பெற்றோர்கள்.

நம்ம கோவில் புலனக் குழுவுல ஒரு வாரமா ஒரே பேச்சு. ஞாயிற்றுக்கிழமை தேவார வகுப்பு முடிஞ்சதும் பெரிய பிள்ளைங்க ஏழெட்டு பேர் மண்டபத்துக்குப் பின்னால இருக்கற சின்ன அறையில உட்கார்ந்து பகடை உருட்டி விளையாடறாங்க. பகடைன்னா சூதாட்டம்னு ஒருத்தர் எழுதினார். மந்திரவாள், மந்திரக்கோல்னு என்னவோ எழுதி வச்சிருக்காங்க, இது சூனிய வேலைன்னு இன்னொருத்தர். அடுத்த நிர்வாகக் கூட்டத்துல இதுக்குத் தடை போடணும்னு நாலைந்து பேர் கை தூக்கியாச்சு.

அந்த வகுப்புப் பிள்ளைகளைப் பார்த்துக்கற தொண்டர்ல நானும் ஒருத்தன். அதனால என் கருத்தை வெளிப்படையா சொல்றேன். தடை வேண்டாம். காரணம் சொல்றேன், கேட்டுட்டு அப்புறம் திட்டுங்க.

முதல்ல அது என்ன விளையாட்டுன்னு தெரிஞ்சுக்குவோம். பேரு டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ். 1974-ல் அமெரிக்காவுல கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன்னு ரெண்டு பேர் உருவாக்கினது. காசு வச்சு ஆடறது இல்லை. மேசையைச் சுத்தி உட்காருவாங்க. ஒருத்தர் கதை சொல்லுவார். மத்தவங்க ஆளுக்கு ஒரு பாத்திரம் எடுத்துக்குவாங்க: வீரன், வைத்தியன், திருடன், மந்திரவாதி. "ஆத்துப் பாலம் உடைஞ்சு கிடக்கு, என்ன செய்யப் போறீங்க?"ன்னு கதை சொல்றவர் கேட்பார். பிள்ளைங்க யோசிச்சுப் பதில் சொல்லுவாங்க. செஞ்ச காரியம் பலிச்சதா இல்லையான்னு தீர்மானிக்கத்தான் பகடை. 20 முகம் உள்ள பகடை அது. கைப்பேசி கிடையாது, திரை கிடையாது. பென்சில், காகிதம், வாய் இது மூணும்தான்.

ஆமா, அதுல மந்திரப் பொருள் நிறைய வரும். அதைப் பத்தித்தான் இந்தப் பதிவே.

பிள்ளைங்க வச்சிருந்த புத்தகத்தை வாங்கி, புரியாத இடத்தை அவங்களையே கேட்டுக் கேட்டுப் படிச்சேன். ஒரு விஷயம் என்னைப் பிடிச்சு நிறுத்திச்சு. அதுல உள்ள மந்திரப் பொருள் பெரும்பாலானதுக்கு ஒரு கட்டுப்பாடு இருக்கு. ஒரு பை வருது. உள்ளே 500 பவுண்டு, நம்ம கணக்குல ஏறக்குறைய 225 கிலோ வரைக்கும் அடங்கும். தூக்கினா 15 பவுண்டு, ஏழு கிலோ கூட வராது. ஆனா பை கிழிஞ்சா உள்ளே இருந்தது அத்தனையும் வேற உலகத்துல சிதறிப் போயிடும். நெருப்பு உருண்டை வீசற ஒரு கோல் இருக்கு. அதுக்கு ஏழு தடவைக்குத்தான் சக்தி. விடியும்போது கொஞ்சம் திரும்ப ஏறும். பேராசையில கடைசிச் சக்தியையும் செலவு பண்ணினா பகடை உருட்டணும். 1 விழுந்தா கோல் சாம்பலாயிடும். இன்னொரு விதி, 2014-ல் வந்த ஐந்தாம் பதிப்புல இருக்கு. பெரிய சக்தி உள்ள பொருளை எடுத்தவுடனே பயன்படுத்த முடியாது. அதோட உட்கார்ந்து மனசை ஒன்றச் செய்யணும். அப்படி ஒரு ஆள் ஒரே நேரத்துல மூணு பொருளோடதான் ஒன்ற முடியும். நாலாவது வேணும்னா ஒண்ணை விடணும்.

இதைப் படிச்சப்ப எனக்கு வெள்ளைக்காரன் சூனியம் ஞாபகத்துக்கு வரலை. பாட்டி சொன்ன கதைதான் ஞாபகத்துக்கு வந்தது.

யோசிச்சுப் பாருங்க. வனவாசத்துல தருமருக்குச் சூரியன் அட்சய பாத்திரம் கொடுத்தார். எத்தனை பேர் வந்தாலும் சோறு வரும். ஆனா எது வரைக்கும்? திரௌபதி சாப்பிடற வரைக்கும். அவ சாப்பிட்டுக் கழுவி வச்சா அன்னைக்கு அவ்வளவுதான். வீட்டுக்காரி கடைசியா சாப்பிடணும்ங்கற ஒழுக்கத்தையே அந்தப் பாத்திரத்துக்குப் பூட்டா போட்டிருக்காங்க. அந்தப் பூட்டு இருந்ததாலதான் துர்வாசர் வந்த கதையே பிறந்தது. கேட்டதெல்லாம் எப்பவும் வரும்னா அங்கே கதை ஏது?

கர்ணனை எடுத்துக்குங்க. கவச குண்டலத்தைத் தானமா வாங்கிட்டு இந்திரன் ஒரு சக்தி ஆயுதம் கொடுத்தான். ஒரே ஒரு தடவைதான் விடலாம். அர்ச்சுனனுக்குன்னு பத்திரமா வச்சிருந்தான். பதினாலாம் நாள் இராத்திரி கடோற்கசன் வந்து படையையே நாசம் பண்ணும்போது வேற வழியில்லாம அவன் மேல விட வேண்டியதாப் போச்சு. இருக்கறது ஒண்ணு, அதை இன்னைக்கு விடறதா நாளைக்கு வைக்கறதா? நம்ம வாழ்க்கையிலயும் தினமும் இதே கேள்விதானே.

அசுவத்தாமன் கதை இன்னும் பயங்கரம். அவனும் அர்ச்சுனனும் ஒருத்தருக்கு எதிரா ஒருத்தர் பெரிய அஸ்திரத்தை விடறாங்க. திரும்ப எடுங்கன்னு முனிவர்கள் சொன்னதும் அர்ச்சுனன் எடுத்துட்டான். அசுவத்தாமனுக்கு விடத்தான் தெரியும், எடுக்கத் தெரியாது. அது உத்தரையோட வயித்துல இருந்த குழந்தை மேல போச்சு. தொழிற்சாலையில புதுசா சேர்ற பசங்களுக்கு நான் முதல்ல காட்டறது மெஷினை எப்படி ஓட்டறதுன்னு இல்லை, எப்படி நிறுத்தறதுன்னு. சிவப்புப் பட்டன் எங்கேன்னு தெரியாதவன் பச்சைப் பட்டனைத் தொடக்கூடாது. பிரஸ் மெஷின்ல ரெண்டு கையாலயும் ரெண்டு பட்டனை அமுக்கினாதான் அச்சு இறங்கும். ஏன்? ஒரு கை உள்ளே மாட்டிக்கக் கூடாதுன்னு. கட்டுப்பாடு மெஷினோட பலவீனம் இல்லைங்க. அது இல்லாத மெஷினை நான் என் லைன்ல ஓட விட மாட்டேன்.

இனி நம்ம தமிழ்க் காப்பியத்துக்கு வருவோம். மணிமேகலையில அமுதசுரபி வருது. அதுக்கு முன்னால அது ஆபுத்திரன் கையில இருந்தது. மதுரையில சிந்தாதேவி அவனுக்குக் கொடுத்தாள். நாடே பஞ்சத்துல கிடந்தப்ப அதை வச்சு ஊருக்கெல்லாம் சோறு போட்டான். இந்திரன் வந்து வரம் கேள்னு சொன்னப்ப அவன் மதிக்கலை. கோபம் வந்த இந்திரன் என்ன பண்ணினான் தெரியுமா? பாத்திரத்தைப் பிடுங்கலை. மழையைப் பெய்ய வச்சான். நாடு செழிச்சுப் போச்சு, சோறு கேட்க ஆள் இல்லை. பசிச்சவன் இல்லாத ஊர்ல அமுதசுரபிக்கு வேலை இல்லை. அப்புறம் சாவக நாட்டுல பஞ்சம்னு கேள்விப்பட்டுக் கப்பல் ஏறினான். சாவகம்னா ஜாவா பக்கம்னு அறிஞர்கள் சொல்றாங்க. ஜொகூர்ல இருக்கற நமக்குப் பக்கம்தான். வழியில மணிபல்லவத்துல இறங்கினவனை விட்டுட்டுக் கப்பல் போயிடுச்சு. ஆள் இல்லாத தீவு. கையில எடுக்க எடுக்கக் குறையாத பாத்திரம். தனக்கு மட்டும் சோறு எடுத்துத் தின்னு உயிர் வாழ்ந்திருக்கலாம். அவன் செய்யலை. பாத்திரத்தைக் கோமுகிப் பொய்கையில விட்டுட்டு உண்ணாமல் உயிர் விட்டான்.

பிறகு அது மணிமேகலை கைக்கு வந்தப்பவும் உடனே வேலையை ஆரம்பிக்கலை. முதல் பிச்சையை ஆதிரை மாதிரி ஒரு பத்தினிப் பெண் இடணும்னு இருந்தது. அதுக்கு அப்புறம்தான் காயசண்டிகையோட யானைப் பசி தீர்ந்தது.

இதை நான் பிள்ளைகளுக்குச் சொன்னேன். அடுத்த வாரம் நாலாம் படிவம் படிக்கற ஒரு பையன் அமுதசுரபியை அவங்க விளையாட்டுக்கு ஏத்த மாதிரி ஒரு அட்டையில எழுதிட்டு வந்தான். "எத்தனை பேருக்கும் உணவு தரும். வச்சிருப்பவர் தனக்காக மட்டும் எடுத்தால் வெறும் பாத்திரம். முதல் முறை வேறொருவர் மனதார உணவு இட்ட பிறகே வேலை செய்யும்." மூணே வரி. காப்பியத்தோட சாரம் அந்த மூணு வரியில இருக்கு. பரீட்சைக்கு மனப்பாடம் பண்ணியிருந்தா இந்த மூணு வரி வந்திருக்குமா?

அன்னைக்கு அவங்களுக்குள்ள ஒரு வாக்குவாதம் வேற. அட்சய பாத்திரத்தை விளையாட்டுல கொண்டு வந்தா திரௌபதி இடத்துல யார்? கூட்டத்துல கடைசியா சாப்பிடறது யாருன்னு தினமும் முடிவு பண்ணணும்னு ஒரு பொண்ணு சொன்னா. அப்படின்னா தலைவன்தான் கடைசியா சாப்பிடணும்னு இன்னொருத்தன். அரை மணி நேரம் இதுதான் பேச்சு. தலைவன்னா யார், யார் முதல்ல சாப்பிடணும்னு பதினாறு வயசுப் பிள்ளைங்க அரை மணி நேரம் சண்டை போட்டா அதை நிறுத்தணுமா, டீ வாங்கிக் கொடுக்கணுமா?

விக்கிரமாதித்தன் கதையும் இப்படித்தான். அவனோட சிம்மாசனம் போசராசன் கைக்குக் கிடைச்சது. அதுல 32 பதுமை. உட்காரப் போகும்போதெல்லாம் ஒரு பதுமை வாயைத் திறந்து, உனக்கு அந்தத் தகுதி இருக்கான்னு கேட்டுக் கதை சொல்லும். புத்தகத்துல ஒன்றணும்னு ஒரு விதி பார்த்தோமே, அதேதான். நம்ம ஆளுங்க அதை எப்பவோ எழுதி வச்சுட்டாங்க. ஆயிரம் வருஷம் ஆட்சின்னு கிடைச்ச வரத்தைக் காடாறு மாசம் நாடாறு மாசம்னு பிரிச்சு ரெண்டாயிரம் வருஷமா ஆக்கினானே பட்டி, அவனை இந்தப் பிள்ளைங்களுக்கு ரொம்பப் பிடிச்சுப் போச்சு. விதியை உடைக்காம விதிக்குள்ளயே வழி கண்டுபிடிச்சவன்னு.

நம்ம நாட்டுக் கதையிலயும் இருக்கு. பள்ளியில எல்லாரும் படிச்ச ஹங் துவா கதை. கெரிஸ் தாமிங் சாரி யார் கையில இருக்கோ அவரை வெல்ல முடியாது. ஆனா அது கை மாறும். முதல்ல தாமிங் சாரிங்கற வீரன்கிட்ட இருந்து துவாவுக்கு, அப்புறம் ஜெபாட்டுக்கு, மறுபடி துவாவுக்கு. வெல்ல முடியாத ஆயுதம் கடைசியில நண்பனை நண்பன் குத்தத்தான் பயன்பட்டது. மலாய்க்காரப் பெரியவங்களும் அதே பாடத்தைத்தான் சொல்லி வச்சிருக்காங்க.

இப்போ நான் சொல்ல வந்த விஷயத்துக்கு வர்றேன். சிலருக்குக் கோபம் வரலாம். பரவாயில்லை.

பிள்ளைங்க காகிதத்துல எழுதற மந்திரப் பொருளைக் கண்டு பயப்படற நாம, நிஜமாவே காசு கொடுத்து மந்திரப் பொருள் வாங்கிட்டு இருக்கோம். சக்தி ஏத்தின மோதிரம், வீட்டு வாசல்ல மாட்டற யந்திரம், கடன் தீர்க்கற தாயத்து, பிள்ளை எஸ்.பி.எம்.ல நல்ல மார்க் வாங்க ஒரு கயிறு. புலனத்துல தினமும் விளம்பரம் வருது. என் லைன்ல வேலை செய்யற ஒரு தங்கச்சி, ஓவர்டைம் பார்த்துச் சேர்த்த காசுல 800 வெள்ளிக்கு ஒரு மோதிரம் வாங்கிச்சு. வெளியூர்ல இருந்து வந்த ஒருத்தர் தாமான்ல ஒரு வீட்டுல தங்கி வித்துட்டுப் போனார். புருஷன் குடிக்கறதை நிறுத்திடுவார்னு சொன்னாராம். ஆறு மாசம் ஆச்சு. புருஷன் இன்னும் குடிக்கறார். மோதிரம் வித்தவரோட கைப்பேசி எண் இப்ப வேலை செய்யலை.

அந்த மோதிரத்துக்கு என்ன நிபந்தனை சொன்னார்னு கேட்டேன். ஒண்ணும் இல்லையாம். போட்டுக்கிட்டாப் போதுமாம், மத்ததெல்லாம் தானா நடக்குமாம்.

அங்கதான் பிடிபட்டது. நம்ம புராணத்துல எந்தத் தெய்வம் இப்படிக் கொடுத்திருக்கு? நிபந்தனை இல்லாம, விலை இல்லாம, ஒழுக்கம் கேட்காம கொடுத்த பொருள் ஒண்ணு சொல்லுங்க. வஜ்ராயுதத்துக்குத் ததீசி முனிவர் தன் எலும்பையே கொடுத்தார். கேட்டவுடனே கிடைச்ச வரத்தை வாங்கின பஸ்மாசுரன் தன் தலையிலயே கை வச்சுச் செத்தான். ருத்ராட்சம் போடறவங்களுக்குக் கூட நியமம் இருக்கு. காவடி எடுக்கறவர் விரதம் இருந்துதான் எடுக்கணும். விரதத்தை விட்டுட்டு வெறும் காவடியைத் தூக்கினா அது மரமும் மயில் இறகும்தான், வேற என்ன? எனவே எந்தக் கட்டுப்பாடும் சொல்லாம ஒருத்தர் உங்ககிட்ட ஒரு பொருளை நீட்டினா, அது நம்ம சமயத்துல இருந்து வரலைன்னு அந்த இடத்துலயே தெரிஞ்சுக்கலாம்.

இந்த வித்தியாசத்தைப் பிள்ளைங்க புரிஞ்சுக்கிட்டாங்க. அந்த மோதிரத்தைப் பத்தி, பேர் ஊர் சொல்லாம, வகுப்புல கேட்டேன். இப்படி ஒரு பொருளை உங்க விளையாட்டுல விடுவீங்களான்னு. உடனே ஒருத்தன், "விட மாட்டோம் அங்கிள், இதுக்கு விலையே இல்லை, யாரோ ஏமாத்தறாங்க"ன்னான். அவன் சொன்ன விலை வெள்ளி இல்லை. நாளைக்கு இவன் வேலைக்குப் போய்ச் சம்பாதிக்கும்போது இப்படிப்பட்ட ஆள்கிட்ட ஏமாற மாட்டான்னு எனக்கு நம்பிக்கை இருக்கு.

எதிர்த்தரப்புலயும் நியாயம் இருக்கு, அதையும் சொல்லிடறேன். 1980-ல் இந்த விளையாட்டுக்கு டெய்ட்டீஸ் அண்ட் டெமிகாட்ஸ்னு ஒரு புத்தகம் வந்தது. பல நாட்டுத் தெய்வங்களோட நம்ம விஷ்ணு, காளி, இந்திரன் எல்லாரையும் சேர்த்து, ஒவ்வொருத்தருக்கும் இத்தனை உயிர்ப் புள்ளின்னு எண் போட்டாங்க. எண் போட்டா என்ன அர்த்தம்? அந்த எண் தீர்ந்தா தெய்வம் தோத்துடும்னு அர்த்தம். இது எனக்கும் உடன்பாடு இல்லை. 2012-ல் ஸ்மைட்ங்கற கணினி விளையாட்டுல காளியைக் காட்டின விதத்துக்கு இந்து அமைப்பு ஒண்ணு எதிர்ப்பு தெரிவிச்சதும் நியாயம்தான்.

அதனால பிள்ளைங்ககிட்ட ஒரு கோடு போட்டுப் பேசினேன். கருவறையில பூசை நடக்கறது எதுவும் அட்டையில வரக்கூடாது. வேல் வரக்கூடாது. அம்மன் சூலம் வரக்கூடாது. தைப்பூசத்துக்கு நாம கும்பிடற வேலுக்குப் பக்கத்துல கூட்டல் மூணுன்னு எண் எழுத முடியாது. வேல் சூரபதுமனைக் கொல்லலை, சேவலாவும் மயிலாவும் மாத்தி முருகன்கிட்டயே வச்சுக்கிச்சு. அதுக்கு எந்தப் பகடையில எண் இருக்கு? பிள்ளைங்க மறு பேச்சு இல்லாம ஒத்துக்கிட்டாங்க. கதையில வர்ற பாத்திரம், வில், சிம்மாசனம், இதெல்லாம் போதும் அங்கிள், நிறைய இருக்குன்னாங்க.

இன்னொரு பயம், பிள்ளைங்க இதை நிஜம்னு நம்பிடுவாங்கன்னு. அமெரிக்காவுலயும் 1980-கள்ல இதே பயம் கிளம்பினது. சாத்தான் வழிபாடுன்னு பெற்றோர் சங்கம் அமைச்சுத் தொலைக்காட்சி வரைக்கும் போனாங்க. அந்தக் குற்றச்சாட்டு நிலைக்கலை. விளையாட்டு இன்னமும் இருக்கு. இப்போ பல நாட்டு ஆளுங்க தங்களோட சொந்தக் கதையையே இதுல எழுதறாங்க. 2022-ல் வந்த ஒரு அதிகாரப்பூர்வப் புத்தகத்துல மிமி மொண்டல்ங்கற இந்திய எழுத்தாளர் வங்காளச் சாயல்ல ஒரு கதை எழுதியிருக்கார். நம்ம மலேசியாவுலயே ஸெடெக் சியூன்னு ஒரு எழுத்தாளரும் முன் காவ்ங்கற ஓவியரும் சேர்ந்து, தென்கிழக்கு ஆசியாவை வச்சு எ தௌசண்ட் தௌசண்ட் ஐலண்ட்ஸ்னு வரிசையா சிறு புத்தகம் போட்டிருக்காங்க. அவங்க எழுதறாங்க. மணிமேகலையை வச்சு யார் எழுதறது? நம்ம பிள்ளைங்க எழுதாம வேற யார் எழுதுவா?

நிர்வாகத்துக்கு என் வேண்டுகோள் இதுதான். அறையை மூட வேண்டாம். வகுப்பு நேரத்துல விளையாடக் கூடாது, முடிஞ்ச பிறகு ஒன்றரை மணி நேரம், ஒரு பெரியவர் கூட இருக்கணும், காசு வச்சு ஆடக்கூடாது. இந்த நாலையும் எழுதி அறைக் கதவுல ஒட்டிடுவோம். புராணம் தெரிஞ்ச ஐயாமார், அக்காமார் மாசத்துக்கு ஒரு தடவை வந்து ஒரு கதை சொல்லுங்க. முழுக் கதை வேண்டாம். ஒரு பொருள், அதைக் கொடுத்தது யார், என்ன நிபந்தனை, நிபந்தனை மீறினவனுக்கு என்ன ஆச்சு, அது போதும். மிச்சத்தைப் பிள்ளைங்க தேடிப் படிச்சுக்குவாங்க.

கூடவே இன்னொண்ணும் கூட்டத்துல வைக்கப் போறேன். கோவில் வளாகத்துலயும் கோவில் புலனக் குழுவுலயும் மோதிரம், தாயத்து, யந்திரம் விளம்பரம் வரக்கூடாது. தடை போட்டே ஆகணும்னா அதுக்குப் போடுவோம். 20 முகப் பகடை ஒரு செட் எவ்வளவு விலைன்னு பிள்ளைங்ககிட்ட கேட்டேன், ஒட்டுக்கடையில ரெண்டு பேர் சாப்பிடற காசுதான். அந்தத் தங்கச்சி இழந்தது 800 வெள்ளி.

ஆட்சேபனை இருக்கறவங்க கீழே எழுதுங்க, பதில் சொல்றேன். நேர்ல பேசணும்னா வெள்ளிக்கிழமை பூசைக்கு அப்புறம் அன்னதானக் கூடத்துல இருப்பேன். பாத்திரம் கழுவற இடத்துல தேடுங்க.

ஓம் சக்தி.